சமாதானவாதி வீடு

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காயாவேம்படி வாசிகசாலை முன்றலில் இன்றைக்குக் கூட்டம். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்று காலையில் ஊர் முழுக்க ஓட்டோவில் போய் மைக்கில் சொன்னதே நான்தான். பிறகு நானே போகாமல் எப்படி இருப்பது? கோழிக்குத் தவிடு குழைத்து வைத்துவிட்டு, மகள் நிரோவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

பேசியவர் வளவன். எங்கள் பகுதிக்கு இயக்கத்தின் பொறுப்பாளர். முப்பது வயது இராது, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆமி குளக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது, இனி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் போராட வரவேண்டும், பதினேழு வயது போதும் என்றார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். மண்ணில் அப்படி என்ன எழுதியிருந்ததோ, அத்தனை பேரும் அதையே வாசித்துக்கொண்டிருந்தோம்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் குலவீரசிங்கம் அண்ணை எழும்பினார். எங்களுக்குப் பக்கத்து வளவு, குலம் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகள் ஆரணியும் என் மகள் நிரோவும் ஒரே வகுப்பு. கூட்டங்களில் அரிசி வரத்தைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனுசன்.

"தம்பி, அவங்கட சண்டையும் எனக்கு வேண்டாம், எங்கட சண்டையும் வேண்டாம். போய்ச் சா எண்டு ஒரு பிள்ளையை அனுப்ப என்னாலை ஏலாது. அது ஆரின்ரை பிள்ளையா இருந்தாலும்."

சொல்லிவிட்டு இருந்துவிட்டார். ஒருவரும் கைதட்டவில்லை, ஏசவும் இல்லை. வளவன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக்கொண்டு நின்றபோது வளவன் சைக்கிளில் வந்தார். வெள்ளிக்கிழமை வாசிக்கவேண்டிய அறிவிப்பைத் தந்தார். காயாவேம்படியில் ஒரு துரோகி இருக்கிறான் என்று தொடங்கியது.

அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் சும்மா ஏச்சு அல்ல. அது யார் மேல் விழுந்ததோ அவர்கள் பிறகு அதிக நாள் ஊரில் இருந்ததில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னேன்: அந்த மனுசன் நிறுத்துக் கொடுத்த அரிசியைத்தான் ஊர் முழுக்கத் தின்கிறது, இப்படி வாசித்தால் சனம் முகம் சுளிக்கும், இயக்கத்துக்குத்தான் நல்லதில்லை. வளவன் யோசித்தார். அப்படியென்றால் வேறென்ன சொல்லலாம், நீங்களே ஒரு சொல்லுத் தாருங்கோ, தமிழ் உங்களுக்குத்தானே வரும் என்றார்.

பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் பயப்படாமல் இருந்தது அவர் ஒருவர்தான். சுயநலவாதி என்பது பொய். நடுநிலையாளர் என்று சொல்லிப் பார்த்தேன், வளவன் தலையை ஆட்டினார். இங்கே நடுவில் நிற்க இடமில்லையாம். பிறகுதான் சமாதானவாதி என்றேன். அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நல்ல சொல்லக்கா என்றார்.

எனக்கு உண்மையில் பெருமையாக இருந்தது. சமாதானம் என்பது கெட்ட சொல்லா? சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தைச் சமாதான காலம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். என் தையல் மெசின் சமாதான காலத்தில் வாங்கியது. நிரோ பெரியபிள்ளையானதும் சமாதான காலத்தில்தான். அந்தச் சொல்லால் ஒருவரையும் கொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டு பருப்பு அவியப் போட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வாசித்தேன். "எமது மத்தியில் சில சமாதானவாதிகள் இருக்கிறார்கள். அவர்களது பேச்சுக்கு மயங்காதீர்கள்." என் குரலைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் அம்மன் கோவில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் சும்மாவா என்னைக் கூப்பிட்டார்கள்? மெல்லிய சொல்லைக்கூட நான் வாசித்தால் எடுபடும்.

சங்கக்கடையைத் தாண்டும்போது குலம் அண்ணை அரிசி அளக்கும் கொத்துப்பேணியுடன் வாசலில் நின்றார். வழக்கம்போலக் கையைத் தூக்கிக் காட்டினார். நான் மற்றப் பக்கம் பார்த்து வாசித்துக்கொண்டு போனேன்.

நிரோவை இதுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை. அதற்கும் மைக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. புருசன் இல்லாதவள், ஒரே பிள்ளை என்று இரங்கி விட்டிருக்கிறார்கள். விசாலாட்சிக்கும் புருசன் இல்லைத்தான், அவளுடைய ஒரே மகனைக் கொண்டுபோனார்கள்தான். அது வேறு.

செப்டெம்பர் 1, திங்கள்

முன்பள்ளிச் சின்னனுகள் புதிதாக ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவன் ஆமி, மற்றவர்கள் இயக்கப் பெடியள். அழுமூஞ்சியாக மூலையில் ஒன்று நின்றது. நீ ஏனடி விளையாடவில்லை என்று கேட்டேன். "நான் சமாதானவாதி ரீச்சர். என்னை ரெண்டு பக்கமும் சுடலாமாம்."

அந்த விளையாட்டை நிற்பாட்டிவிட்டு நாலு பாட்டுப் படிப்பித்தேன்.

செப்டெம்பர் 4, வியாழன்

சொல் ஊருக்குள் கால் முளைத்துத் திரிகிறது. வேலி அடைக்க வராத புருசனைப் பெண்சாதி சமாதானவாதி என்று ஏசுகிறாள். உழ மறுத்த மாட்டுக்கும் அதே பேர். சங்கக்கடைச் சுவரில் யாரோ அதைக் கரியால் எழுதியிருக்கிறார்கள். அகிலேசபிள்ளையர் தன் படலையில் தொங்கிய "சமாதான நீதவான்" பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். இருபது வருசமாக அதைக் காட்டித்தான் மனுசன் ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

செப்டெம்பர் 9, செவ்வாய்

வேலியடியில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டு நின்றேன். குலம் அண்ணை வந்தார்.

"மலர், உந்தப் பேர் நீ வச்சதுதானே? வளவனுக்கு உப்பிடித் தமிழ் வராது."

நான் பறித்த காயை எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் கோபிக்கவில்லை. முதலில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். சொன்னேன். அப்போ நீ எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறாய் என்றார். கொழும்பில் சண்டை வேண்டாம் என்று எழுதிய ஒருவனையும் துரோகி என்றுதான் சொல்கிறார்களாம், றேடியோவில் கேட்டாராம். இரண்டு பக்கமும் ஒரே சொல்தான், பாஷை மட்டும் வேறு என்று சிரித்தார்.

ஆரணிக்குக் கலியாணம் பேசுகிறார்கள். தாலி ஏறிய பெண்ணை இயக்கம் கொண்டுபோவதில்லை. அதனால் ஊரில் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றவளுகள் எல்லாம் ஒவ்வொன்றாய்ச் சேலைக்கு மாறிக்கொண்டிருக்கிறாளுகள். தாய் ரதி தன் தூரத்து உறவில் ஒரு பெடியனைப் பார்த்திருக்கிறாளாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை கலியாண எழுத்து. குலம் அண்ணைக்கு இதில் விருப்பமே இல்லை, பிள்ளை படிக்கவேண்டியவள் என்கிறார். ஆனால் உயிரோடு இருந்தால் பிறகு படிக்கலாம் என்று ரதி சொல்லிவிட்டாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்தது. முருங்கைக்காயில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

எழுத்து நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விடியவே ஆள் அனுப்பிவிட்டார்களாம். சமாதானவாதி வீட்டில் சம்பந்தம் வைத்தால் எங்கள் பிள்ளைகளையும் பார்ப்பார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

ரதி கிணற்றடியில் நின்று சொல்லி அழுதாள். வேறு இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்த்தாளாம், அங்கேயும் அதே கதை. இந்த நாசமாய்ப் போன பேரை எந்தக் கட்டையில போறவன் வைத்தானோ, அவன் குலம் விளங்காது என்று மண்ணை அள்ளி எறிந்தாள். குலம் அண்ணை அவளுக்குச் சொல்லவில்லை. நான் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளினேன். ஓமடி, விளங்காது என்றேன்.

செப்டெம்பர் 25, வியாழன்

ஆரணியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ரியூசன் விட்டு வரும் வழியில் தானும் கூட நின்றதாகச் சொல்கிறாள் நிரோ. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இயக்கத்தின் பிக்கப் வந்து நின்றதாம். ஆரணியை ஏறச் சொன்னார்களாம். அவள் நிரோவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். ஒருத்தி வந்து விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாளாம். ரதி வயல் வரம்பால் பிக்கப்பைத் துரத்திக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன். ஒற்றைச் செருப்பு எங்கள் படலையடியில் கிடந்தது, எடுத்துக் கழுவி அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

"அம்மா, ரெண்டு பேரும் ஒண்டாத்தானே நிண்டனாங்கள். ஏன் என்னை ஏத்தேல்லை?"

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஈர விறகு, ஒரே புகை.

செப்டெம்பர் 26, வெள்ளி

மரவள்ளி அவித்தேன். நிரோ தொடவில்லை.

ஒக்டோபர் 6, திங்கள்

குலம் அண்ணை இயக்க முகாம் வாசலில் போய் இருக்கிறார். மகளைக் காட்டும் வரைக்கும் எழும்பமாட்டாராம். ஏசவும் இல்லை, அழவும் இல்லை, மரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக்கொண்டு இருக்கிறார். போகிற வருகிற பெடியள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஒருவன் தன் சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்தானாம், அவர் அதை வாங்கித் தின்றாராம். அதையும் சனம் பழித்தது. இவ்வளவு ரோசம் உள்ளவன் எப்படி அவர்களின் சோற்றைத் தின்பான் என்று. அவர் யாரோடும் கோபம் என்று எப்போது சொன்னார்? சண்டை வேண்டாம் என்றுதானே சொன்னார்?

இதெல்லாம் இந்தக் கொப்பியில்தான் கேட்கிறேன். வெளியே கேட்கவில்லை.

சங்கக்கடைக்குப் புது மனேச்சர் வந்துவிட்டார் என்று இன்றைக்கு வாசித்தேன். மழை தொடங்கிவிட்டது. பங்கருக்குள் முழங்கால் தண்ணீர், நானும் நிரோவும் வாளியால் இறைத்தோம். அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

காலையில் கிபிர் பிளேன் வந்து அடுத்த ஊரில் குண்டடித்துவிட்டுப் போனது. ஒரு வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரிக்கு இரத்தம் வேண்டும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனேன். சனம் ஓடி ஓடி வந்தது. அப்போது என் குரலை எனக்கே பிடித்திருந்தது.

நிரோவின் அப்பாவும் இப்படித்தான். சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவரை இதே பிளேன்தான் கொன்றது. உடம்பென்று தந்ததை நான் பார்க்கவில்லை. அவங்கட குண்டுக்குப் புருசனைக் கொடுத்தவள் எழும்பி நின்று எங்கட சண்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால் அவர் சும்மா செத்ததாகிவிடாதா? குலம் அண்ணையிடம் இதைக் கேட்கவேண்டும் என்று நெடுநாளாக இருந்தது. அவர் முகாம் வாசலில் இருக்கிறார். அங்கே போய் அவரோடு கதைத்தால் யாராவது பார்ப்பார்கள்.

நவம்பர் 12, புதன்

ஆரணி செத்துப்போனாள்.

இப்படித்தான் எழுதவேண்டும். வளவன் கொண்டுவந்த அறிவிப்பில் வேறு மாதிரி இருக்கிறது. களத்தில் வீரச்சாவைத் தழுவிக்கொண்டாள் என்றும், நாட்டுக்காகத் தன் ஒரே மகளை மனமுவந்து ஈந்த நாட்டுப்பற்றாளர் குலவீரசிங்கம் அவர்களின் புதல்வி என்றும் இருக்கிறது. சமாதானவாதி என்ற பேர் போய்விட்டது. ஒரு சாவோடு அவருக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. வளவன் இதை மரியாதையாகத்தான் நினைக்கிறார், எனக்குத் தெரியும். நாங்கள் பழசை ஒன்றும் மனதில் வைக்கவில்லை அக்கா என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் கிடந்தது.

பின்னேரம் குலம் அண்ணை வந்தார். முகாம் வாசலில் இருந்து மெலிந்துபோன உடம்பு. உள்ளே வரவில்லை, முற்றத்தில் நின்றார். நிரோ கதிரை கொண்டுவந்து வைத்தாள், இருக்கவில்லை.

"மலர், நீ வாசிக்கத்தான் வேணும். எனக்கு விளங்குது. நாட்டுப்பற்றாளரெண்டு சொல்லு, என்னவெண்டாலும் சொல்லு. மனமுவந்து எண்டதை மட்டும் வாசியாதை."

பார்க்கிறேன் அண்ணை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நிரோ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இருமல் வந்ததாகச் சொல்லலாம். ஆனால் வளவன் பக்கத்தில் நிற்பார். அவருக்கு அந்த வரி மனப்பாடம்.

நவம்பர் 13, வியாழன்

பெட்டி சீல் வைத்து வந்தது. திறக்கவிடவில்லை. ரதி பெட்டியின் மேல் விழுந்து, மூடியில் காதை வைத்துக்கொண்டு கிடந்தாள். சங்கக்கடை முன்னால் பந்தல். கரியால் எழுதியிருந்த சுவருக்கு அவசரமாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

நான் வாசித்தேன். முழுவதையும் வாசித்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில் என் குரல் தடுக்கவே இல்லை. இத்தனை வருசப் பழக்கம். குலம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கைக் கீழே வைத்தேன்.

அப்போது ரதிக்குப் பக்கத்தில் இருந்த நிரோ எழும்பினாள். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"மனமுவந்து குடுக்கேல்லை. விரலைக் கழட்டி ஏத்தினவை, நான் பக்கத்திலை நிண்டனான். மாமா சண்டை வேண்டாமெண்டு சொன்னவர். நானும் அதைத்தான் சொல்லுறன். எனக்கும் வேண்டாம்."

குலம் அண்ணை எழும்பி வந்து அவள் தோளைப் பிடித்து, இரு பிள்ளை, இரு என்று தன் பக்கத்தில் இருத்தினார். ஒரு கை அவள் தலையில், மற்றக் கை பெட்டியில். எனக்கு ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது. அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளை அடித்தேன். அவள் தடுக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் வந்தார்கள். நிரோவின் சைக்கிள் முற்றத்தில் காற்றுப்போய்க் கிடந்தது, அதற்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். பம்பைக் கீழே வைத்துவிட்டு, உடுப்பு மாற்றலாமா என்று கேட்டாள். மாற்றச் சொன்னார்கள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினேன். வந்தவளுக்கு நிரோவின் வயதுதான் இருக்கும். அன்ரி விடுங்கோ, எனக்கும் இது விருப்பமில்லை என்று காதுக்குள் சொன்னாள். சொல்லிக்கொண்டே என் கையைக் கழற்றினாள்.

ரதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் அடித்து அழுதாள். என் பிள்ளைக்காக அழுதாள்.

நவம்பர் 15, சனி

வளவனைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னமே குலம் அண்ணை போய் அந்த மரத்தடியில் இருந்தார். இந்த முறை நிரோவுக்காகவாம். செத்தவீடு முடிந்து இரண்டு நாள் ஆகவில்லை, ஷேவ் எடுக்காத முகம். நான் அவர் காலடியில் விழப் போனேன். முதலில் உள்ளே போய்க் கதைத்துவிட்டு வா என்றார்.

வளவன் கதிரை தந்தார். பிளேன்ரீ வரவழைத்தார், சீனி இல்லை, மன்னியுங்கோ அக்கா என்றார். நித்திரை இல்லாத முகம். வெளியே ஷெல் விழும் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் வழியெல்லாம் பல மாதிரி யோசித்துக்கொண்டு போனேன். புருசனைக் கொடுத்தவள், தாய்க்கு வேறு துணை இல்லை, பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு என்றெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"தம்பி, நிரோவை விடுங்கோ. எனக்கு இந்தச் சண்டை வேண்டாம். அவங்கடயும் வேண்டாம், எங்கடயும் வேண்டாம். அண்டைக்குக் கூட்டத்திலையே எனக்கு வேண்டாம்தான்."

எத்தனையோ வருசமாக ஊருக்கெல்லாம் கேட்கக் கதைத்த எனக்கு, இந்த நாலு வசனத்துக்குக் குரல் போய்விட்டது.

வளவன் கோபிக்கவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்றும் அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, உண்மையிலேயே தெரியாதவர் போலக் கேட்டார்.

"அப்ப, இவ்வளவு காலமும் மைக்கிலை கதைச்சது ஆரக்கா?"

நான்தான் என்றேன்.